கப்பல் போன பிறகும் ஓடிய பட்டணம்

வேதவாசிப்பு: நீதிமொழிகள் 28:1, 2 இராஜாக்கள் 7:3-16



"எங்க அப்பா ஒரு எம்டன்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கண்டிப்பான வாத்தியாருக்கு அந்தப் பேர் உண்டு. பொல்லாத மாமியாருக்கும் உண்டு. பிடிகொடுக்காத தந்திரக்காரனைப் பார்த்து "அவன் பெரிய எம்டன்டா" என்கிறோம். எமன் என்ற சொல்லிலிருந்து வந்தது என்றுதான் சின்ன வயதில் நானும் நினைத்திருந்தேன். இல்லை, பிரியமானவர்களே. அது ஒரு கப்பலின் பேர். ஒரே ஒரு ராத்திரி, அதிலும் அரைமணி நேரம், நம்முடைய பட்டணத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போன கப்பல். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதன் பேர் நம் வாயை விட்டுப் போகவில்லை. அந்த ஒரு நாளைத்தான் இந்த மாதம் உங்களோடு தியானிக்கும்படி கர்த்தர் என் இருதயத்தில் பாரத்தை வைத்தார்.

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்து ஜெர்மனியோடு போர் அறிவித்து அன்றோடு சரியாக ஏழு வாரம். எம்டன் ஜெர்மானியருடைய போர்க்கப்பல். கார்ல் ஃபான் முல்லர் அதன் தலைவர். சீனாவின் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, தன் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, தனியாக இந்துமகா சமுத்திரத்துக்குள் நுழைந்திருந்தது. செப்டம்பர் 10-லிருந்து வங்காள விரிகுடாவில் ஒவ்வொரு வியாபாரக் கப்பலாகப் பிடித்தது. ஆட்களை இறக்கிக் காப்பாற்றிவிட்டுக் கப்பலை மூழ்கடிப்பது அவர்கள் வழக்கம். இந்தச் செய்தி கல்கத்தாவுக்கு ஒரு வாரம் முன்பே எட்டிவிட்டது. அதாவது, ஓநாய் தொழுவத்துக்குப் பக்கத்தில் சுற்றுகிறது என்பது தெரிந்த சங்கதி.

சென்னைப் பட்டணம் அந்த ராத்திரி எப்படி இருந்தது தெரியுமா? விளக்குகள் எல்லாம் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. அப்போது கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தின் மேலேயே இருந்தது. 1894 முதல் 1977 வரை அங்கேதான். அந்த வெளிச்சமும் வழக்கம்போல் சுற்றிச் சுற்றி வந்தது. கடலில் இருட்டிலே வந்துகொண்டிருந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வழி விசாரிக்கத் தேவையே இல்லாமல் வந்து சேர்ந்தார்கள்.

ராத்திரி ஒன்பதரை மணி சுமாருக்கு, கரையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டரில் கப்பலை நிறுத்தினார்கள். தேடுவிளக்கைப் போட்டார்கள். துறைமுகத்தை ஒட்டி பர்மா ஆயில் கம்பெனியின் பெரிய எண்ணெய்த் தொட்டிகள் இருந்தன. சுட ஆரம்பித்தார்கள். இரண்டு தொட்டிகள் பற்றிக்கொண்டு எரிந்தன. ராத்திரி வானம் பகல்போல ஆயிற்று என்று அதைக் கண்டவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். துறைமுகத்தில் நின்ற ஒரு வியாபாரக் கப்பலிலும் குண்டுகள் பாய்ந்தன. சிலர் செத்தார்கள், சிலர் காயப்பட்டார்கள். செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பார்கள். ஆனால் அந்த வீடுகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். உயர்நீதிமன்றத்தின் வெளிச்சுவரிலும் குண்டு விழுந்தது. அந்த இடத்தில் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் ஒருதரம் நின்று பாருங்கள்.

மொத்தம் ஏறக்குறைய 130 குண்டுகள். கரையிலிருந்த பீரங்கிகளும் பதிலுக்குச் சுட்டன. ஒன்றுகூடக் கப்பலைத் தொடவில்லை. அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து, எம்டன் விளக்கை அணைத்துக்கொண்டு இருளுக்குள் போய்விட்டது.

தேவ பிள்ளையே, இனிமேல்தான் கதை தொடங்குகிறது.

கப்பல் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை. மூன்றாம் நாள், செப்டம்பர் 25-ல், அது இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய் அங்கே வேறு கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் சென்னையில் என்ன நடந்தது? ஜனங்கள் ஓடினாங்க ஐயா, ஓடினாங்க! நாள்கணக்காக ஓடினார்கள். ரயிலில் இடம் கிடைத்தவர்கள் ரயிலில், இல்லாதவர்கள் மாட்டுவண்டியில், அதுவும் இல்லாதவர்கள் தலையில் மூட்டையோடு கால்நடையாக. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் அது. ஆயிரம் ஆயிரமாய் வெளியே போனார்கள். எதற்குப் பயந்து? அங்கே இல்லாத ஒரு கப்பலுக்கு!

நீதிமொழிகள் 28:1-ஐ இப்போது எடுத்து வாசியுங்கள். துரத்துகிறவன் ஒருவனும் இல்லாமலே ஓட்டம் எடுக்கிறவனைப் பற்றி அங்கே பார்க்கிறோம். அந்த வசனம் துன்மார்க்கனைப் பற்றியது. நம்முடைய ஊர் ஜனங்களைத் துன்மார்க்கர் என்று நான் சொல்ல வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதிருங்கள். அவர்களைக் கேலி பண்ணவும் நமக்குத் தகுதியில்லை. ரேடியோ இல்லாத காலம். கப்பல் எங்கே இருக்கிறதென்று சர்க்காருக்கே தெரியாதபோது பாமர ஜனம் என்ன செய்யும்? பிள்ளைகுட்டிக்காரன் ஓடத்தான் செய்வான். ஆனாலும் அந்த ஓட்டத்தில் நம்முடைய ஓட்டமும் தெரிகிறதல்லவா?

2 இராஜாக்கள் 7-ம் அதிகாரத்துக்கு வாருங்கள். சீரியருடைய சேனை சமாரியாவை வளைத்துக்கொண்டு கிடந்தது. கர்த்தர் அவர்களுக்குக் குதிரைகளும் இரதங்களும் வருகிற இரைச்சலைக் கேட்கப்பண்ணினார். அவ்வளவுதான். கூடாரத்தை விட்டார்கள், குதிரையை விட்டார்கள், கழுதையை விட்டார்கள், ஆக்கிவைத்த சாப்பாட்டை விட்டார்கள், உயிர் தப்பினால் போதும் என்று ஓடினார்கள். வந்தது யார்? நாலு குஷ்டரோகிகள்! நடக்கவே தெம்பில்லாத நாலு பேர். அங்கே சத்துருவின் பாளயம் சத்தத்துக்குப் பயந்து ஓடியது. இன்றைக்கோ தேவனுடைய பாளயம் சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறது. இதுதான் என் வேதனை.

எம்டன் கப்பலின் தலைவரே இந்தத் தாக்குதலைக் குறித்துத் தன் அறிக்கையில் எழுதிவைத்திருக்கிறார். ஜனங்கள் மத்தியில் பரபரப்பு உண்டாக்க வேண்டும், வெள்ளைக்காரனுடைய வியாபாரம் கலங்க வேண்டும், அவன் மதிப்புக் குறைய வேண்டும், இதுதான் எண்ணம் என்கிறார். பார்த்தீர்களா? பட்டணத்தைப் பிடிக்க அவர் வரவில்லை. ஒரு கப்பலை வைத்துக்கொண்டு பட்டணத்தைப் பிடிக்கவும் முடியாது. எண்ணெய்த் தொட்டி எரிந்த நெருப்பு கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. மனதில் பற்றின நெருப்பை அணைக்கத்தான் ஆளில்லை.

இன்னொன்றும் சொல்லுகிறேன். அதே 1914 செப்டம்பர் 22-ம் தேதி காலையில், ஐரோப்பாவில் வட கடலில், ஒரே ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் மூன்று ஆங்கிலேயப் போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த நீர்மூழ்கியின் பேர் நம்மில் யாருக்குத் தெரியும்? சத்தமில்லாமல் கொன்றதற்கு நம் பாஷையில் ஒரு சொல்லும் இல்லை. சத்தம் போட்டுவிட்டுப் போனதற்குத்தான் பேர் நிலைத்திருக்கிறது. சகோதரியே, வீட்டுக்குள் நாக்கு பண்ணுகிற சேதத்தைப் பார்க்காமல், வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்ததற்கு மூன்று நாள் தூங்காமல் இருக்கிறவர்கள் நம் சபையிலும் உண்டு. பேர் சொல்ல மாட்டேன். நீங்களே சிரிக்கிறீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிட்டுப் போகிறேன். செண்பகராமன் பிள்ளை என்ற நம்மவர் அந்தக் கப்பலில் இருந்தார், அவர்தான் சென்னைக்கு வழிகாட்டினார் என்று பலரும் பேசுவார்கள், மேடையிலும் முழங்குவார்கள். ஐரோப்பாவில் இருந்துகொண்டு நம் தேச விடுதலைக்காகப் பாடுபட்டவர் அவர். அது மெய். எம்டனில் இருந்தார் என்பதற்கோ நம்பத்தக்க ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்கிறதற்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு காரியத்தை மெய்யாக்கிவிடக் கூடாது. சபையில் சாட்சி சொல்ல எழும்புகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்லுகிறேன். கேள்விப்பட்டதைக் கண்டதாகச் சொல்லாதிருங்கள். கர்த்தருக்கு நம்முடைய மிகைப்படுத்தல் உதவி தேவையில்லை.

இப்போது என்னைப் பற்றிச் சொல்லவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். சொல்லாமல் இந்தச் செய்தியை முடிக்க ஆவியானவர் விடவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது உங்களுக்குத் தெரியும். நாலாம் நாள், டிசம்பர் 30. வடசென்னைக் கடலோரத்தில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்ட ஜனங்களுக்கு நானும் நாலைந்து சகோதரர்களும் சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தோம். அந்த நாளில்தான் மறுபடியும் அலை வரக்கூடும் என்று எச்சரிக்கை வந்தது. டிவியில் சொல்லிவிட்டார்கள் என்று ஒருவன் கத்தினான். "தண்ணி வருது! தண்ணி வருது!" அவ்வளவுதான். தமிழ்நாட்டுக் கரையோரம் முழுக்க அன்றைக்கு ஜனங்கள் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். அலை வரவில்லை.

நானும் ஓடினேன். அதற்கு முந்தின ஞாயிறு சபையில் பயப்படாதே என்று பிரசங்கம் பண்ணின இதே வாய். இதே கால்கள். எவ்வளவு தூரம் ஓடினேன் என்று நினைவில்லை. மெயின் ரோட்டில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் பார்க்கிறேன், சாம்பார் ஒழுகுகிற கரண்டி என் கையிலேயே இருக்கிறது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வரிசையில் கடைசியாக ஒரு பாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மீன் விற்கிற அம்மா. முழங்கால் வீங்கி நடக்க முடியாதவர்கள். அவர்களைத் தாண்டித்தான் நான் ஓடியிருக்கிறேன். தாண்டினது காலுக்குத் தெரிந்திருக்கிறது, மனதுக்குத் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து வெட்கத்தோடு திரும்பிப் போனேன். பாட்டி அங்கேயேதான் இருந்தார்கள். எப்படியோ நகர்ந்து நகர்ந்து அண்டாவண்டை வந்து, தட்டை எடுத்து மூடிவைத்திருந்தார்கள். நாய் வந்து வாய் வைத்துவிடுமாம். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா பாஸ்டரய்யா? ஓடிப் போனதுங்கல்லாம் பசியோடதான் திரும்பி வரும். அதான் மூடி வெச்சேன்" என்றார்கள்.

"பயமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"பயந்தான். காலு வரலியே" என்றார்கள்.

இதைப் பெரிய விசுவாச சாட்சியாக மாற்றிப் பிரசங்கிக்கலாம் என்று எத்தனையோ நாள் பார்த்தேன். முடியவில்லை. பாட்டி நம் சபைக்காரர்களும் அல்ல. பயம் இருந்தது என்று வாய்விட்டுச் சொன்னார்கள். ஆனால் பயத்தோடே உட்கார்ந்து மற்றவர்களுடைய சாப்பாட்டை மூடிவைத்தார்கள். பயமில்லை என்று பிரசங்கித்தவன் கரண்டியோடு ஓடினேன். அன்றைக்கு என் ஜெபம் மாறிப்போயிற்று, அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

பிரியமானவர்களே, பயத்தை விற்கிற ஊழியத்தைக் குறித்தும் இரண்டு வார்த்தை. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் ஒரு சகோதரன் வீட்டுக்கு வந்து, இன்ன மாதத்துக்குள் இந்த வீட்டில் ஒரு சவம் விழும் என்று சொல்லிவிட்டு, காணிக்கையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த மாதம் வந்தது, போனது. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அந்தச் சகோதரன் அதற்குப் பிறகு இரண்டு வீடு மாறிவிட்டார். பிள்ளையைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுப்புவதில்லை. ராத்திரி போன் அடித்தால் கை நடுங்குகிறது. கப்பல் போய்விட்டது ஐயா! உபாகமம் 18:22-ஐ வாசித்துப் பாருங்கள். சொன்னது நடக்காவிட்டால் அப்படிப்பட்டவனுக்குப் பயப்பட வேண்டாம் என்றுதான் வேதம் சொல்லுகிறது. சொன்னவரை நாம் நியாயந்தீர்க்க வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார். ஆனால் வேதம் பயப்படாதே என்ற இடத்தில் நாம் பயந்துகொண்டிருப்பது எந்த விதத்தில் பக்தி?

அப்படியானால் விழித்திருக்க வேண்டாமா, எச்சரிக்கையே வேண்டாமா என்று கேட்பீர்கள். விழித்திருக்கத்தான் வேண்டும். சென்னையின் குறை ஓடினது மாத்திரமல்ல. அதற்கு முன்னே விழிக்காதது. மத்தேயு 25-ல் பத்துக் கன்னிகைகளிடத்திலும் தீவட்டி இருந்தது, பத்துப்பேரும் தூங்கித்தான் போனார்கள். விளக்கு எரிகிறதென்பதற்காகக் காவல் இருக்கிறதென்று அர்த்தமில்லை. சிலருடைய வீட்டில் வசன காலண்டர் நாலு சுவரிலும் தொங்கும். குடும்ப ஜெபம் நின்று எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். விழிக்கவேண்டிய நேரத்தில் தூங்கினவன்தான், தூங்கவேண்டிய நேரத்தில் ஓடுகிறான்.

எம்டன் கடைசியில் எப்படி அகப்பட்டது தெரியுமா? இதைக் கவனமாகக் கேளுங்கள். சென்னையை விட்டுப் போன 48-ம் நாள், 1914 நவம்பர் 9-ம் தேதி, காலையில் கோகோஸ் தீவுகளுக்கு வந்தது. அங்கே ஒரு சின்னத் தீவில் தந்தி நிலையம். கோட்டை இல்லை, பீரங்கி இல்லை, ஐந்து லட்சம் ஜனம் இல்லை. தந்தியடிக்கிற கொஞ்சம் பேர். எம்டனுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகள்தான். ஆங்கிலேயக் கப்பல்போலத் தெரியவேண்டும் என்று நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நட்டுவைத்திருந்தார்கள். சத்துரு ஒளியின் தூதனைப்போல வேஷம் போடுவான் என்று 2 கொரிந்தியர் 11:14-ல் படிக்கிறோமே, அதேபோல. தீவிலிருந்தவர்கள் பார்த்தார்கள். அந்த நாலாவது புகைபோக்கி நிஜமல்ல, துணியால் செய்தது என்று கண்டுபிடித்தார்கள்.

அவர்கள் ஓடினார்களா? ஓட அங்கே இடமும் கிடையாது. உடனே தந்திக்கருவியண்டை உட்கார்ந்தார்கள். அந்நியக் கப்பல் வந்திருக்கிறதென்று செய்தி அனுப்பினார்கள். எம்டன் சும்மா விடுமா? செய்தி போகாதபடி தன் கருவியால் குறுக்கே இரைச்சல் எழுப்பிக் கெடுக்கப் பார்த்தது. இவர்களோ எம்டன் ஆட்கள் கரையேறி வந்து கருவிகளை உடைக்கிறவரைக்கும் விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்த நேரத்தில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல், படைவீரர்களை ஏற்றிவந்த கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குச் செய்தி கிடைத்தது. மணிக்கணக்கில் வந்து சேர்ந்தது. எம்டன் நொறுங்கித் தரை தட்டிற்று. அதிலிருந்தவர்களில் 130 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தான். அதற்காகக் கைதட்ட வேண்டாம்.

சென்னையின் பீரங்கிகளால் ஆகாததை அந்தத் தந்தி நிலையம் செய்தது. தாங்களாகச் சண்டைபோடவில்லை. பார்த்தார்கள், மேலே தெரியப்படுத்தினார்கள், இரைச்சலுக்கு நடுவில் நிறுத்தவில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் குழந்தை அழுகிறது, குக்கர் கத்துகிறது, கடன்காரன் முகம் கண்ணுக்குள் வருகிறது, பாஸ்டர், நான் எப்படி ஜெபிப்பேன் என்று கேட்கிற தாய்மாரே, இரைச்சல் இருக்கத்தான் செய்யும். நீங்கள் அனுப்பிக்கொண்டே இருங்கள். அந்தத் தீவுக்காரர்களுக்கு சிட்னி கப்பல் கண்ணுக்குத் தெரியவே இல்லை. செய்தி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியாது.

வருகிற மாதக் கடைசி வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தை இதற்கென்றே வைத்திருக்கிறோம். வழக்கமான பாடல் ஆராதனையைக் குறைத்துக்கொண்டு, ராத்திரி ஒன்பதரைக்கே முழங்காலில் நிற்போம். பழைய பயம் ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கிறவர்கள், யாரோ சொன்ன வார்த்தையால் வீடு மாறினவர்கள், ஊர் மாறினவர்கள், ராத்திரி விளக்கை அணைக்கப் பயப்படுகிறவர்கள், கூட்டத்துக்கு முன்னே என்னிடத்தில் வந்து பேசுங்கள். பேரை மேடையில் சொல்ல மாட்டேன். எண்ணெய் பூசவோ காணிக்கை கேட்கவோ அல்ல, உங்களோடு உட்காருவதற்குத்தான். கடலோரத்திலிருந்து வருகிற குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பின்னால் ஹாலில் பாய் விரித்திருக்கும், தூங்கட்டும். காலையில் சாம்பார் சாதம் உண்டு. பரிமாறுகிறது நான்.